ரீல்ஸ், ஷார்ட்ஸ் பார்த்துப் படிப்பு ஏறுமா?

வில்லிவாக்கம் அம்மா

எல்லோருக்கும் வணக்கம். மகன் பத்தாம் வகுப்பு. ஸ்கூல் விட்டு வந்து போனை எடுத்தால் சாப்பிடக் கூப்பிடும் வரை கட்டைவிரல் ஓயாது. திட்டினால் "படிப்பு வீடியோதாம்மா பார்க்கிறேன்" என்கிறான். எட்டிப் பார்த்தேன், பொய் இல்லை. பாம்பு எப்படிச் சட்டை உரிக்கிறது, ராக்கெட் ஏன் வளைந்து போகிறது என்று ஏதாவது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நடுநடுவே காமெடி, கிரிக்கெட்.

2025 செப்டம்பர் 7 அன்று சந்திர கிரகணம் வந்ததே, அந்த வாரம் முழுக்க அவன் போனில் சிவப்பு நிலாதான். "நிலா ஏன்டா சிவப்பாகுது?" என்று கேட்டேன். "பூமியோட நிழல் விழுதும்மா." "நிழல் கறுப்பாத்தானே இருக்கும்?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது பார்ட் டூல வரும்" என்றான். பார்ட் டூ வரவேயில்லை. அதற்குள் ஆழ்கடல் மீன் வந்துவிட்டது.

போனைப் பிடுங்கி வை என்கிறார் வீட்டுக்காரர். ஆனால் வீட்டுப்பாடமே வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. பப்ளிக் எக்ஸாம் வருடம் வேறு. இந்தக் குட்டி வீடியோக்களால் நல்லதா, கெட்டதா? உங்கள் வீட்டில் என்ன செய்கிறீர்கள்?

ஓட்டேரி நரி

பிடுங்கிப் பரண் மேல் போடுங்கள் அக்கா. ஹோட்டல் மெனு கார்டைப் படித்தே வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்கிற கேஸ் இது. பார்ட் டூவாம்!

தாம்பரம் லோக்கல்

நரி, சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். எதிர்க்கட்சியாக நான் ஒருத்தன் இருக்கிறேன்.

ஒரு மணி நேர வகுப்பு என்பது கடவுள் கொடுத்த அளவு கிடையாது. சென்னை ஐஐடி முன்னின்று நடத்தும் என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் அருமையான பாடங்கள் இலவசமாகக் கிடக்கின்றன. கல்லூரிக் காலத்தில் நாங்கள் எல்லோரும் உற்சாகமாகப் பதிவு செய்வோம். மூன்றாம் வாரம் பார்த்தால் பாதிப் பேரைக் காணோம். நீளமாக இருப்பதாலேயே ஒன்று ஆழமாகிவிடாது.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். எடெக்ஸ் என்ற இணையப் படிப்புத் தளத்தில் 69 லட்சம் தடவை காணொளி பார்க்கப்பட்ட தரவை அலசி 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும், மாணவர்கள் அதில் ஒட்டியிருந்த இடைநிலை நேரம் (வரிசையாக அடுக்கினால் நடுவில் வருவது) 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. ஆகவே பாடத்தைச் சிறு துண்டுகளாகப் போடுங்கள் என்று சொன்னார்கள். வாத்தியார்கள் 60 நிமிடம் பேசிவிட்டு, பையனுக்குக் கவனம் இல்லை என்றால் எப்படி?

பீச் போகிற லோக்கலில் நின்றுகொண்டே ஒரு கையில் கம்பி, ஒரு கையில் போன் என்று நான் எக்செல் கற்றேன். எக்ஸ்லுக்அப், பிவட் டேபிள் எல்லாம் ஒரு நிமிட வீடியோதான். ஆபீஸில் இன்றைக்கும் அதுதான் சோறு போடுகிறது.

கணக்கு வாத்தியார்

அம்மா, முதலில் உங்கள் மகனின் பார்ட் டூ. பூமியின் காற்று மண்டலம் சூரிய ஒளியை லேசாக வளைத்து நிழலுக்குள் அனுப்புகிறது. நீல ஒளி வழியிலேயே சிதறிப் போகிறது. சிவப்பு மட்டும் தப்பித்து நிலா வரை போய்ச் சேருகிறது. சாயங்காலம் மெரினாவுக்கு முதுகைக் காட்டி மேற்கே பார்த்தால் வானம் ஏன் சிவக்கிறதோ, அதே காரணம்தான். இதைச் சொல்ல 20 வினாடி போதும். நேரம் போதாமல் அந்த வீடியோவில் இது விடுபடவில்லை. ஏன் விடுபட்டது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வடசென்னையில் பாடம் எடுக்கிறேன். ஒரு நாள் பசங்கள் எல்லோரும் 11-ஆல் பெருக்குவதில் சூரப்புலியாகிவிட்டார்கள். 43 × 11 என்றால் 4-ஐயும் 3-ஐயும் இரு பக்கம் தள்ளி, நடுவே அவற்றின் கூட்டலான 7-ஐப் போடு. 473. சரியான விடைதான். எங்கேடா படித்தீர்கள் என்றால், ஒரே வீடியோ எல்லோர் போனிலும் வந்திருக்கிறது.

78 × 11 என்று போர்டில் எழுதினேன். பாதி வகுப்பு 7158 என்று எழுதியது. ஏழு, பதினைந்து, எட்டு!

78-ஐப் பத்தால் பெருக்கினாலே 780. அதோடு இன்னொரு 78. மொத்தம் 858-தான். ஏழாயிரம் எங்கிருந்து வந்தது என்று ஒருவனுக்கும் உறுத்தவில்லை. வீடியோவை வாங்கிப் பார்த்தேன். அதில் வந்த எண்கள் 23, 43, 62, 81. எல்லாமே கூட்டினால் பத்தைத் தொடாதவை. சொன்னதில் பிழை கிடையாது, வழுக்கும் இடத்துக்குப் போகவே இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் பாருங்கள், அந்த 7158 வந்ததால்தான் அன்றைக்கு இட மதிப்பு பாடம் ஜோராக நடந்தது. 11 என்பது 10-உம் 1-உம் என்று ஒரு பெண் எழுந்து சொன்னதும் வகுப்பே "ஆ..." என்றது. வீடியோ இல்லாவிட்டால் அந்த ஆர்வம் வந்திருக்காது. அதனால் நரி சொல்கிறபடி பரணில் போடவும் எனக்கு மனசு வரவில்லை.

ஆவடி ஒயர்மேன்

வாத்தியார் சொன்னது எங்கள் தொழிலிலும் அப்படியே பொருந்தும். ஆனால் எங்களுக்கு 7158 வந்தால் ஷாக் அடிக்கும்.

நான் நிறைய பார்ப்பேன், மறைக்க ஒன்றுமில்லை. பிஎல்டிசி ஃபேன் புதிதாக வந்தபோது எங்களுக்குச் சொல்லித்தர யார் இருந்தார்கள்? பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், இது 30 வாட் சுமாருக்கு ஓடும். கண்டென்சர் கிடையாது, உள்ளே போர்டு இருக்கிறது. சுவரில் இருக்கும் பழைய ரெகுலேட்டர் வழியாக லைன் கொடுக்கக் கூடாது, அதைக் கழற்றி நேராகக் கொடுக்க வேண்டும். இதை எனக்குச் சொன்னது ஒரு நிமிட வீடியோதான். ஒரு ஒயர் எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டால் போதும், பத்துப் பக்கம் எழுதிப் புரியாதது புரிந்துவிடும்.

ஆனால் எனக்கு லைன் (கரண்ட் வரும் ஒயர்) எது, நியூட்ரல் (திரும்பிப் போகும் ஒயர்) எது என்று முன்னமே தெரியும். தெரியாதவர் பார்த்தால் கதை வேறு. "ஃபேன் மெதுவாகச் சுத்துதா? 2.5 எம்எஃப்டி கண்டென்சர் வாங்கி நீங்களே மாத்துங்க" என்று ஒரு வீடியோ சுற்றுகிறது. வேலை காட்டுகிற விதம் சரி. ஆனால் எடுத்த எடுப்பிலேயே கை ஃபேன் கப்பைத் திறக்கிறது. மெயினை ஆஃப் செய்தது, டெஸ்டர் வைத்துப் பார்த்தது எதுவும் இல்லை. சுவர் சுவிட்சை அணைத்தால் போதாதா என்பார்கள். பழைய வீடுகளில் சுவிட்சை நியூட்ரலில் போட்டு வைத்திருப்பான் யாரோ ஒரு மகராசன். சுவிட்ச் ஆஃப், ஃபேன் நிற்கும், ஆனால் மேலே கரண்ட் இருக்கும்.

அந்த ஐந்து வினாடியைத்தான் வெட்டிவிடுகிறார்கள். எங்களுக்கு அதுதான் தொழில்.

கோட்டூர்புரம் கடைசி பெஞ்ச்

நான் குரூப் 4-க்குப் படிக்கிறேன். அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் வைத்துப் படிக்கும் பகுதியில் காலையிலேயே இடம் பிடிக்கிற கும்பலில் நானும் ஒருவன். அங்கே டீ பிரேக்கில் எல்லோரும் பார்ப்பது "ஒரே நிமிடத்தில் 10 கேள்விகள்" வகை வீடியோதான். 200 கேள்வி, 3 மணி நேரம் என்று தேர்வு இருக்கும்போது, ஒரு வரி பதில்கள் மனதில் பதிந்தால் லாபம்தானே என்று தோன்றும்.

அதில் ஒரு வம்பு வந்தது. "தமிழ்நாடு என்று பெயர் சூட்டப்பட்ட நாள்?" என்று ஒரு வீடியோ கேட்டு, 1967 ஜூலை 18 என்றது. இன்னொன்று 1969 ஜனவரி 14 என்றது. நண்பன் ஒருவன் 1956 நவம்பர் 1 என்று அடித்துச் சொன்னான். மூன்று பேரும் மூன்று வீடியோவைக் காட்டி, கேன்டீன் வாசலில் சண்டை.

கடைசியில் புத்தகத்தைத் திறந்தால் மூன்று தேதியும் உண்மை. மொழிவாரி மாநிலப் பிரிவினை நடைமுறைக்கு வந்தது 1956 நவம்பர் 1. பெயரை மாற்றச் சொல்லிச் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது 1967 ஜூலை 18, அண்ணா முதல்வர். நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, பெயர் அதிகாரபூர்வமாக அமலுக்கு வந்தது 1969 ஜனவரி 14. இவற்றுக்கெல்லாம் முன்னே, 1956 அக்டோபரில் சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் இருந்து உயிர் விட்டது வருகிறது. கதையாகப் படித்தபின் தேதி குழம்பவே இல்லை. கேள்வித்தாளில் "தீர்மானம்", "அமல்" என்று ஒரு சொல் மாறினால் விடையே மாறும். வீடியோவில் அந்தச் சொல்லைத்தான் விழுங்கிவிடுகிறார்கள்.

ஓட்டேரி நரி

அப்புறம் என்ன, நான் சொன்னதைத்தானே எல்லோரும் சுற்றி வளைத்துச் சொல்கிறீர்கள்? தடை போட்டுவிட்டால் தீர்ந்தது.

பெஞ்ச் வக்கீல்

தடை போட்டுப் பார்த்தாயிற்று நரி. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரல் தொடக்கத்தில் டிக்டாக் பதிவிறக்கத்துக்குத் தடை விதிக்க உத்தரவிட்டது. அதே மாதம் 24-ஆம் தேதி தடை நீங்கியது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 செயலிகளை மொத்தமாகத் தடை செய்ததில் அது போனது, இன்றுவரை போனதுதான். பலன்? அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இங்கே வந்தது. செப்டம்பரில் யூடியூப் தன் ஷார்ட்ஸை உலகத்திலேயே முதலில் இந்தியாவில்தான் சோதனைக்கு விட்டது. மோஜ், ஜோஷ் என்று உள்ளூர்ச் சரக்கும் இறங்கியது. கடை பெயர்தான் மாறியது.

வெளிநாட்டிலும் ஆளுக்கொரு வழி பார்க்கிறார்கள். சீனாவில் டோயினில் (டிக்டாக்கின் சீனப் பதிப்பு) 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்கு 40 நிமிடம்தான், இரவு 10 முதல் காலை 6 வரை திறக்காது என்று 2021-இல் கொண்டுவந்தார்கள். ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் கீழே சமூக ஊடகக் கணக்கே வைத்துக்கொள்ளக் கூடாது என்ற சட்டம் 2025 டிசம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. இங்கே வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பா பேரில். எந்த வயதை யார் சரிபார்ப்பது?

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். பங்குச் சந்தைப் "பாடம்" நடத்தும் ரீல்ஸ்களைப் பார்த்துப் பணத்தை விட்டவர்கள் நிறைய. 2025 ஜனவரியில், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி ஒரு சுற்றறிக்கை விட்டது. பாடம் மட்டும்தான் நடத்துகிறேன் என்பவர் கடைசி 3 மாத விலை நிலவரத்தைக் காட்டிப் பேசக் கூடாது என்றது. பாடம் எது, தூண்டில் எது என்று பிரிப்பதற்கு அவர்கள் பிடித்த வழி இது. பள்ளிப் பாடத்துக்கு அப்படி ஒரு கோடு கிழிக்க யாரும் இல்லை.

மௌனமொழி

இந்த இழையை வெளியிலிருந்து படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டு நிலைமை வேறு என்பதால் எழுதுகிறேன்.

என் மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. நாங்கள் சைகை மொழியை எங்கே போய்க் கற்பது? புத்தகத்தில் கையின் படமும் ஓர் அம்புக்குறியும் போட்டிருக்கும். விரல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, முகம் எப்படி இருக்க வேண்டும் என்று படத்தில் தெரியாது. இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் போட்ட அகராதியே காணொளி அகராதிதான். 2018-இல் 3,000 சொற்களோடு வந்தது, 2021-இல் 10,000 ஆனது. ஒரு சொல்லுக்குச் சில வினாடிகள். இதற்கு மேல் நீட்டினால்தான் தப்பு.

என் மாமியாருக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். பேத்தியிடம் "பசிக்குதா?" என்று கேட்க அவர் அந்த வீடியோவைப் பார்த்துப் பழகினார். பார்ப்பார், நிறுத்துவார், கையை ஆட்டிப் பார்ப்பார், மறுபடி பார்ப்பார். மகள் சிரித்துக்கொண்டே அவர் விரலைத் திருத்துவாள். குட்டி வீடியோ என்றால் மொத்தமாகக் குப்பை என்று சொல்லாதீர்கள், ப்ளீஸ்.

தரமணி ஆய்வு மாணவி

மௌனமொழி அக்காவின் மாமியார் செய்தது எவ்வளவு சரியானது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 2018-இல் கார்டாஸ், ஓ'பிரையன் என்ற இருவர் செய்த சோதனைகள். மைக்கேல் ஜாக்சனின் மூன்வாக் நடையைச் சொல்லித்தரும் ஒரு வீடியோவைச் சிலருக்கு ஒரு முறை, சிலருக்கு இருபது முறை போட்டுக் காட்டினார்கள். இருபது முறை பார்த்தவர்கள் தங்களுக்கு நன்றாக வரும் என்று அதிகம் நம்பினார்கள். நடக்கச் சொன்னால் இரு கூட்டமும் ஒன்றுதான். டார்ட் எறிவதிலும் அப்படியே. பார்க்கப் பார்க்க நம்பிக்கை ஏறுகிறது, கைக்கு வித்தை வரவில்லை.

படிப்பிலும் இதற்கு ஓர் அண்ணன் உண்டு. ரோடிகர், கார்பிக்கே 2006-இல் செய்தது. ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து முந்தினார்கள். ஐந்து நிமிட வெற்றியைப் பார்த்து நாம் ஏமாறுவோம், அங்கேதான் சிக்கல்.

தாம்பரம் நண்பருக்கு: துண்டு போடுவது நல்லதுதான், மறுக்கவில்லை. ரிச்சர்ட் மேயரும் சாண்ட்லரும் 2001-இல், மின்னல் எப்படி உருவாகிறது என்ற பாடத்தை 16 துண்டாக வெட்டினார்கள். ஒவ்வொரு துண்டும் முடிந்ததும் நின்றுவிடும். மாணவர் பட்டனைத் தட்டினால்தான் அடுத்தது. புரிதல் கேள்விகளில் அது பலன் கொடுத்தது. அங்கே நிற்கிறது, இங்கே நிற்பதில்லை. அங்கே அடுத்ததும் மின்னல், இங்கே அடுத்தது ஆழ்கடல் மீன்.

தாம்பரம் லோக்கல்

அப்படிப் பார்த்தால் குற்றம் ஒரு நிமிட அளவில் இல்லை, அடுத்து என்ன வரும் என்று முடிவு செய்கிறவன் யார் என்பதில் இருக்கிறது. நானும் எக்செல்லைத் தேடித்தான் பார்த்தேன், அதுவாக வரவில்லை. சரி, இது எனக்கு ஒத்துவருகிறது.

ஆனாலும் ஒரு சந்தேகம். ஆய்வு ஆய்வு என்கிறீர்கள், குட்டி வீடியோவை நேரடியாகச் சோதித்தது ஏதாவது உண்டா? மூன்வாக் எல்லாம் பக்கத்துத் தெருக் கதை.

தரமணி ஆய்வு மாணவி

உண்டு. 2023-இல் மியூனிக் பல்கலைக்கழகக் குழு ஒன்று செய்தது. "இந்தச் சொல் வந்தால் இந்தப் பட்டனை அழுத்த வேண்டும்" என்று ஒரு வேலையை மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். நடுவே இடைவேளை. ஒரு கூட்டம் சும்மா இருந்தது, ஒன்று ட்விட்டர், ஒன்று யூடியூப், ஒன்று டிக்டாக். திரும்பி வந்ததும் டிக்டாக் பார்த்தவர்களுக்கு மட்டும் செய்ய நினைத்தது தவறிப்போவது தெளிவாகக் கூடியது. மற்ற மூன்று கூட்டமும் பெரிதாக மாறவில்லை. கலந்துகொண்டவர்கள் 60 பேர்தான், ஆகவே இதைத் தூக்கித் தலையில் வைத்து ஆட மாட்டேன். ஆனால் படிக்க உட்கார்ந்தவர் "ஐந்து நிமிஷ பிரேக்" என்று எதைத் திறக்கிறார் என்பதை இதைப் படித்த பிறகு கவனிக்கத் தொடங்கினேன்.

கோட்டூர்புரம் கடைசி பெஞ்ச்

அய்யோ, டீ பிரேக்!

வேதி விளக்கு

நான் எதிர்ப்பக்கத்து ஆள். வேதியியல் ஷார்ட்ஸ் போடுகிறேன், வேலைக்குப் போய்விட்டு வந்து ராத்திரியில் எடிட் செய்வேன். வாத்தியார் "ஏன் விடுபட்டது என்பதற்குப் பிறகு வருகிறேன்" என்றார். அவர் வருவதற்குள் நான் சொல்லிவிடுகிறேன்.

வீடியோ போட்டால் எந்த வினாடியில் எத்தனை பேர் ஓடினார்கள் என்று ஒரு கோடு காட்டுவார்கள். அந்தக் கோடுதான் எங்களுக்கு முதலாளி. முதல் இரண்டு வினாடியில் கண்ணைக் கட்ட வேண்டும். அதனால் "இன்று நாம் பார்க்கப் போவது" என்றெல்லாம் தொடங்க முடியாது, நேராக நுரை பொங்க வேண்டும். பொட்டாசியம் அயோடைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு, சோப்பு. யானைக்குப் பற்பசை என்று பிரபலமான சோதனை. நுரை மேலே எழும் வரை கோடு படுத்த மாதிரி நேராக இருக்கும். "இங்கே அயோடைடு வினையூக்கி, அது தீர்ந்து போவதில்லை, பெராக்சைடைச் சீக்கிரம் உடைக்க உதவுகிறது" என்று நான் வாயைத் திறக்கும் இடத்தில் கோடு சரியும். ஒவ்வொரு தடவையும் அதே இடம். ஆளே வராவிட்டால் செயலி அதை அடுத்தவருக்குக் காட்டாது. அப்புறம் என்ன செய்வோம்? காரணத்தை வெட்டி, "பார்ட் டூல சொல்றேன்" என்போம். பார்ட் டூவை யாரும் பார்ப்பதில்லை என்று தெரிந்த பிறகு அதை எடுப்பதையும் விட்டுவிடுவோம்.

ஷார்ட்ஸ் 60 வினாடிக்கு மேல் கூடாது என்று இருந்தபோது, நேரம் போதவில்லை என்று எல்லோரும் புலம்பினோம். 2024 அக்டோபரில் 3 நிமிடமாக்கினார்கள். இன்றைக்கும் நான் 40 வினாடியில்தான் முடிக்கிறேன். கோடு அப்படி.

கணக்கு வாத்தியார்

நான் சொல்ல வந்ததை என்னைவிடப் பச்சையாகச் சொல்லிவிட்டீர்கள் வேதி விளக்கு. "ஏன்" வருகிற இடத்தில் ஆள் ஓடுகிறான், ஆகவே "ஏன்" வெட்டப்படுகிறது. பாடம் என்பதே அந்த இடம்தான்.

வில்லிவாக்கம் அம்மாவுக்கு, நான் வகுப்பில் செய்வதைச் சொல்கிறேன். இதற்குக் காசு செலவு கிடையாது. வீடியோ பார்க்காதே என்று சொல்வதில்லை. வாரம் ஒரு நாள் ஆளுக்கொரு வீடியோவைக் கொண்டுவர வேண்டும். போனைப் பையில் வைத்துவிட்டு, அதில் என்ன சொன்னான், எது சொல்லாமல் விட்டான் என்று போர்டில் எழுத வேண்டும். எழுத வராவிட்டால் கேலி கிடையாது, மறுபடி பார்க்கலாம். "சொல்லாமல் விட்டது" பட்டியலுக்குத்தான் கூட்டம் அலைமோதும். குறை கண்டுபிடிப்பதில் நம் பசங்களுக்கு இருக்கும் ஆர்வம் உங்களுக்கே தெரியும். அந்தக் குறையை நிரப்ப அவர்களே பாடப்புத்தகத்தைப் புரட்டுகிறார்கள். 2018 முதல் வந்த நம் பாடநூல்களில் கியூஆர் கோடு இருக்கிறது, ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான காணொளி வரும். சுமாரான படப்பிடிப்புதான், நுரை பொங்காது. ஆனால் அது முடிந்தால் முடிந்தது, மீன் வராது.

உங்கள் மகனிடம் நீங்கள் கேட்டீர்களே, "நிழல் கறுப்பாத்தானே இருக்கும்?" அதுதான் சரியான கேள்வி அம்மா. அவனை அதட்ட வேண்டாம். தினம் ஒரே ஒரு வீடியோவுக்கு அப்படி ஒன்று கேளுங்கள். உங்களுக்குப் பதில் தெரிய வேண்டும் என்று அவசியமே இல்லை.

வில்லிவாக்கம் அம்மா

நன்றி சார். எனக்குப் பதில் தெரிய வேண்டியதில்லை என்று நீங்கள் சொன்னது பெரிய ஆறுதல். நான் எட்டாவதோடு நின்றவள்.

செட்டிங்கில் ஏதாவது செய்து குறைக்க முடியுமா என்று யாராவது சொல்லுங்கள். நரி தம்பி, பரண் வேண்டாம்.

தாம்பரம் லோக்கல்

யூடியூப் என்றால் இரண்டு வழி இருக்கிறது அக்கா. ஒன்று, ஷார்ட்ஸுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு நேரம் என்று டைமர் வைக்கலாம், 2025 அக்டோபரில் கொண்டுவந்தார்கள். நேரம் முடிந்தால் நினைவூட்டும், ஆனால் தள்ளிவிட்டுப் பார்க்கவும் முடியும். பையன் தள்ளத்தான் போகிறான். இரண்டாவது வழி பலன் அதிகம்: வாட்ச் ஹிஸ்டரியை ஆஃப் செய்து, பழையதை அழித்துவிடுங்கள். முகப்பில் சிபாரிசு வருவது நின்றுபோகும். எதையாவது பார்க்க வேண்டும் என்றால் தேடித்தான் பார்க்க வேண்டும். அவனை உட்காரவைத்து, அவன் கையாலேயே செய்யச் சொல்லுங்கள். ஒளித்துச் செய்தால் இன்னொரு கணக்கு திறப்பான்.

ஆவடி ஒயர்மேன்

எனக்கும் அந்த இரண்டாவதை யாராவது செய்து கொடுங்கள். ரிமோட் ஃபேன் ரிப்பேர் என்று தேடினேன், மூன்று நாளாக மாட்டு வைத்தியம் வருகிறது.

கோட்டூர்புரம் கடைசி பெஞ்ச்

கணக்கு சார், சந்தடி சாக்கில் ஒரு கேள்வி. தனிவட்டிக்கும் கூட்டுவட்டிக்கும் இரண்டு வருட வித்தியாசத்துக்கு ஒரு ஷார்ட்கட் ஷார்ட்ஸில் பார்த்தேன். அசல் × (வீதம்/100)². வேலை செய்கிறது. மூன்று வருடத்துக்கு என்ன ஃபார்முலா? எந்த வீடியோவிலும் சிக்கவில்லை.

கணக்கு வாத்தியார்

தம்பி, ஃபார்முலா கிடக்கட்டும். 10,000 ரூபாய், 10 சதவீதம். வருடா வருடம் வட்டி எவ்வளவு என்று இரண்டு வரிசையாக எழுதுங்கள். ஒன்றில் தனிவட்டி, ஒன்றில் கூட்டுவட்டி. எழுதியதை இங்கே போடுங்கள்.

கோட்டூர்புரம் கடைசி பெஞ்ச்

தனிவட்டி: 1,000, 1,000, 1,000. கூட்டுவட்டி: 1,000, 1,100, 1,210. வித்தியாசம் இரண்டாம் வருடம் 100, மூன்றாம் வருடம் 210. மொத்தம் 310.

இருங்கள் சார். அந்த 100 என்பது முதல் வருட வட்டிக்கு வந்த வட்டி. அதுதான் அந்த ஷார்ட்கட். மூன்றாம் வருடம் முதல் இரண்டு வருட வட்டிக்கும் தலா 100, அந்தப் பழைய 100-க்கு ஒரு 10. ஆகக்கூடி மூன்று 100, ஒரு 10. அப்படியானால் அசல் × (வீதம்/100)² × (3 + வீதம்/100). சரியா?

கணக்கு வாத்தியார்

சரி. இப்போது கேள்வித்தாளில் "அரையாண்டுக்கு ஒருமுறை வட்டி கணக்கிடப்பட்டால்" என்று இருந்தால்?

கோட்டூர்புரம் கடைசி பெஞ்ச்

ஆளை விடுங்க சார். நூலகம் மூடும் நேரம். காலையில் போட்டுக் காட்டுகிறேன்.